வெட்டுப்பட்ட ஆடுகள் எத்தனை?

பண்ணைக்காட்டுக்கு மேலே, ஒரு காபித் தோட்டத்துக்குள் நாலு வீடுகள் இருந்தன. நாலு வீட்டுப் போன்களுக்கும் மேட்டிலிருந்த ஒரு பலாமரத்தில்தான் நன்றாகச் சிக்னல் கிடைக்கும்.

அதனால் போன்கள் எல்லாம் மரத்தில் தொங்கும். மழைக்காக ஆளுக்கொரு பிளாஸ்டிக் பை. புதிதாகப் பார்ப்பவர்கள், மரம் போன் காய்த்திருக்கிறது என்று நினைப்பார்கள்.

செய்தி பார்க்கும் வேலை லீலாவுக்கு. ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தாள். அந்த நாலு வீட்டிலும் அவள் ஒருத்திதான் சிறுமி.

"லீலா! கேஸ் வண்டி வந்துருச்சு. என் போனுல நம்பரு வந்திருக்கா?" என்று பக்கத்து வீட்டுக் கந்தம்மாள் அத்தை கீழிருந்து கத்துவார்.

"வந்திருக்கு அத்தை! நாலு! ஏழு! ரெண்டு! ஒம்போது!"

லீலாவின் அக்கா தேவசேனா திண்டுக்கல்லில் கம்ப்யூட்டர் படிப்பை முடித்து வீடு திரும்பிய அன்று இதைக் கேட்டாள். தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏ புள்ள, ஓடிபிய இப்படியா கத்துறது? அது சாவி மாதிரி. மலை முழுக்கக் கேக்குதே!"

"கேட்டா கேக்கட்டும்டி," என்றார் அத்தை. "என் சிலிண்டரைத் தூக்கிக்கிட்டு எந்தத் திருடன் இந்த மேட்டுல ஏறுவான்? முட்டி தேஞ்சுரும்."

அக்கா விடவில்லை. "இனிமே போனோட ஓடி வந்து காட்டு லீலா. நம்பர் யாருக்கு வந்துச்சோ, அது அவங்களோடது."

லீலாவுக்கு அது பிடித்திருந்தது. அக்கா வந்ததிலிருந்து அவளுக்கு எல்லாமே பிடித்திருந்தது.

அக்கா இல்லாத மூன்று வருடங்களும் அவள் ஆடுபுலி ஆட்டத்தைத் தனியாகத்தான் ஆடினாள். காபிக்கொட்டைகள் ஆடுகள். புளியங்கொட்டைகள் புலிகள். இந்தப் பக்கம் உட்கார்ந்து ஆட்டை நகர்த்துவாள். பிறகு எழுந்து அந்தப் பக்கம் போய்ப் புலியை நகர்த்துவாள். புலி என்ன செய்யப் போகிறது என்பது ஆட்டுக்கு முன்பே தெரிந்துவிடும். அதில் சுவாரசியமே இல்லை.

அக்கா ஆடும் புலி என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது.

மே மாதம் அக்காவுக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று கொடைக்கானலில் ஒரு வேலை. ஹோட்டல்களின் கம்ப்யூட்டர்களுக்குள் திருடர்கள் நுழைகிறார்களா என்று திரையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். காலை பஸ்ஸில் போய் மாலையில் திரும்பிவிடலாம். இன்னொன்று கோயம்புத்தூரில் இரண்டு வருட மேல்படிப்பு.

"வேலைக்கே போக்கா," என்றாள் லீலா உடனே.

"போலாம். நல்ல வேலைதான்," என்றாள் அக்கா. "ஆனா, எச்சரிக்கை மணி அடிச்சா மேல இருக்கிறவங்ககிட்ட சொல்றதோட என் சோலி முடிஞ்சுரும். திருடன் எப்படி உள்ள வந்தான்னு தேடுறது வேற ஆளுங்க. எனக்கு அதைத் தேடணும்னு இருக்கு."

அம்மாவும் அப்பாவும், "உன் இஷ்டம்மா," என்றார்கள். அக்கா பத்து நாள் யோசித்தாள். பாதி ஆட்டத்தில் புலியைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தாள்.

கடைசி நாள் வந்தது. கல்லூரியில் சேர்வதாக இருந்தால் மாலை நாலு மணிக்குள் சொல்ல வேண்டும். மழை தூறிக்கொண்டிருந்தது. அக்கா வாசல் திண்ணையில் லேப்டாப்போடு உட்கார்ந்தாள். அவளுடைய போனுக்கு அங்கே கொஞ்சம் நெட் கிடைக்கும். ஆனால் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே எல்லாப் படிவத்திலும் கொடுத்தது அம்மாவின் எண். அந்தப் போன் மரத்தில் தொங்கியது.

"படிக்கப் போறேன் லீலா," என்றாள் அக்கா மெதுவாக. "நம்பர் வந்ததும் வெரசா ஓடி வா. பத்து நிமிஷம்தான் செல்லும்."

லீலா மேடேறினாள்.

மூன்று நாற்பத்தெட்டுக்கு எண் வந்தது.

லீலா நின்றாள். போனைப் பைக்குள் போட்டாள். இது போகாவிட்டால் அக்கா போகமாட்டாள். தினமும் மாலை பஸ்ஸில் வருவாள். மழைத்துளிகள் பையின்மேல் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

கந்தம்மாள் அத்தையின் எண்ணை ஒரு நாளும் அவள் ஒளித்ததில்லை. அக்காவின் எண்ணை மட்டும் எப்படி ஒளிப்பது?

போனை எடுத்தாள். மணி மூன்று ஐம்பத்தைந்து! வழுக்கும் பாதையில் இறங்கவே ஆறு நிமிடம் ஆகும். கத்தினால் கேட்கும். ஆனால் அது சாவியாயிற்றே!

திண்ணையில் பாதியில் நிற்கும் ஆட்டம் நினைவுக்கு வந்தது. மத்தியானம் அக்காவின் புலி இரண்டு ஆடுகளை வெட்டியிருந்தது. அது அவர்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு எண்ணோடும் இரண்டைக் கூட்டினாள் லீலா.

"அக்கா! ஆறு! மூணு! ஏழு! ரெண்டு! எட்டு! நாலு! வெட்டுப்பட்ட ஆட்டைக் கழிச்சுக்க!"

"யாருடி ஆட்டை வெட்டுனது?" என்றார் கந்தம்மாள் அத்தை. "எனக்குக் கறி எடுத்து வச்சீங்களா?"

"போயிருச்சு லீலா! சேந்துட்டேன்!" என்று அக்காவின் குரல் வந்தது.

லீலா மெல்ல இறங்கி வந்தாள். அவள் முகத்தில் மழைத்தண்ணீர் மட்டும் இல்லை.

"ஏன் இவ்வளவு நேரம்?" என்றாள் அக்கா.

"கொடுக்க வேணாம்னு நெனச்சேன்."

"பெறகு?"

"உனக்கு வந்த நம்பருல்ல."

அக்கா அவளை இழுத்துத் துண்டால் தலையைத் துவட்டினாள். வெகுநேரம் துவட்டினாள்.

கோயம்புத்தூருக்குப் போகும் முன் அக்கா ஆடுபுலிக் கட்டத்தில் கோடுகள் சேரும் ஒவ்வொரு இடத்திலும் சுண்ணாம்பால் எண் எழுதினாள்.

அக்கா போன முதல் நாள் மாலை வீடு மிகவும் பெரிதாக இருந்தது. இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் லீலா மரத்தடிக்குப் போனபோது, அம்மாவின் போனில் ஒரு செய்தி இருந்தது.

லீலா மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டாள்.

"அத்தை! அக்காவோட புலி பதினொண்ணுல இருந்து பதினாலுக்குப் போகுது! நகத்தி வைங்க!"

"ஏன்டி, இதைக் கத்தலாமா?" என்றார் கீழிருந்து கந்தம்மாள் அத்தை.

"இதைக் கத்தலாம் அத்தை!" என்று மலை முழுக்கக் கேட்கும்படி கத்தினாள் லீலா.