இரண்டாவது போர்ட்

இந்த வீட்டுக்கு வந்தால் மட்டும் நான் ஏன் குரலைத் தாழ்த்திக்கொள்கிறேன்? அத்தான் போய் எட்டு மாதமாகிறது. இனி யாருடைய தூக்கம் கலையப்போகிறது?

மனசுக்குள் இப்படிக் கேட்டுக்கொண்டே செருப்பை ஓசைப்படாமல் கழற்றினேன். அக்கா கதவைத் திறந்து, "வாடி, எலி டாக்டர்" என்றாள். அவளும் மெதுவாகத்தான் சொன்னாள்.

பழைய கம்ப்யூட்டர்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். ஆலைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் முப்பது வருடத்துக்கு முந்தைய இயந்திரங்கள் இன்னும் ஓடுகின்றன. அவற்றுக்கு ஒரு மவுஸைத் தேடிப் பிடித்துவிடலாம். அந்த மவுஸை இயந்திரத்துக்கு அடையாளம் காட்டும் டிரைவர் என்கிற குட்டிப் புரோகிராம்தான் எங்கும் கிடைக்காது. என்னிடம் இருக்கும். பட்டப்பெயர் வந்தது அப்படித்தான்.

அன்றைய வேலை சின்னது. அக்கா வீட்டை விற்றுவிட்டு, மாலை ஐந்து மணி வண்டியில் என்னோடு வந்துவிடப்போகிறாள். வாங்குகிறவர்கள் வீட்டின் வரைபடத்தைக் கேட்டிருந்தார்கள். அது அத்தானின் கம்ப்யூட்டரில் மட்டுமே இருந்தது. அத்தானுக்குக் கட்டட வரைபடம் போடுகிற வேலை. கடைசி வரை அதே இயந்திரம், அதே வரையும் புரோகிராம். புதிதாக ஒன்று வாங்கச் சொன்னால், பழையதுதான் சொன்னபடி கேட்கும் என்பார்.

அவருடைய மவுஸ் எங்கே என்று விசாரித்தேன். அவர் போன மறுநாளே குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எனக்குப் பழகிப்போயிருந்தது. எத்தனையோ வருடமாக, போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று "வச்சிடறேன்" என்று துண்டித்துவிடுவாள். அவர் உள்ளே வந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒருமுறைகூட என்னக்கா என்று கேட்டதில்லை. அத்தான் நல்ல மனிதர், அதிர்ந்து பேசமாட்டார் என்று எல்லாரிடமும் நான்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அவருடைய அறை வீட்டின் கோடியில் இருந்தது. ஒரே ஜன்னல்; அதைத் திறந்துவிட்டேன். வெளியே மழைக்கு மூட்டம் போட்டிருந்தது. உள்ளே பென்சில் சீவிய வாசனை. எட்டு மாதம் பூட்டிக் கிடந்த அறையில், இப்போதுதான் யாரோ சீவி வைத்த மாதிரி.

அக்கா அறைக்கு வெளியிலேயே நின்றுகொண்டாள். உள்ளே வரச் சொன்னேன். மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

இயந்திரத்தின் பின்பக்கம் மவுஸ் செருகுவதற்கு இரண்டு போர்ட்டுகள் இருந்தன. நான் கொண்டுவந்த மவுஸை முதல் போர்ட்டில் செருகி, இரண்டு பக்கத் திருகாணிகளையும் முடுக்கினேன். ஃபிளாப்பியைப் போட்டு, டிரைவரை ஏற்றும் கட்டளையை அடித்தேன். இயந்திரம் கரகரவென்று இருமியது. சூடேறிய தூசியின் நெடி எழுந்தது. கறுப்புத் திரையில் ஒரு வரி வந்தது.

மவுஸ் கண்டறியப்பட்டது: இரண்டாவது போர்ட்.

மாற்றிச் செருகிவிட்டேனோ என்று குனிந்து பார்த்தேன். என் மவுஸ் முதல் போர்ட்டில்தான் இருந்தது. இரண்டாவது காலி. அதன் மேல் நூலாம்படை அறுபடாமல் படிந்திருந்தது.

வேறொரு ஃபிளாப்பியில் இருந்த இன்னொரு டிரைவரை ஏற்றினேன். அதே வரி. கடைசியில் என் மவுஸைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மறுபடி ஓட்டினேன். இப்போது மவுஸ் இல்லை என்றுதான் வரவேண்டும்.

இரண்டாவது போர்ட்.

இருக்கிற மவுஸைக் காணோம் என்று சொன்ன டிரைவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இல்லாத மவுஸை இருக்கிறது என்று சொன்ன ஒன்றை நான் பார்த்ததில்லை.

இயந்திரம் கெட்டுப்போய்விட்டது, வரைபடம் இல்லாமலே கிளம்பலாம் என்று அக்காவிடம் சொன்னேன். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, ஒருதரம் திறந்துதான் பாரேன் என்றாள். கீபோர்டில் பெயரை அடித்துப் புரோகிராமைத் திறந்தேன். வெள்ளைக் கோடுகளாக அந்த வீடு விரிந்தது. கூடம், சமையலறை, நாங்கள் இருந்த அறை. நடுவில் ஒரு சின்ன அம்பு.

என் மவுஸ் மடியில் கிடந்தது. அதன் வயர் எதிலும் செருகப்படாமல் தரைவரை தொங்கியது.

அம்பு நகர்ந்தது.

அவசரமில்லாமல், நடுக்கமில்லாமல், வரைபடத்தின் வாசல்கதவுக்குப் போனது. அந்த இடத்தை இரண்டு முறை சுற்றியது. நின்றது.

"அவர்தான்" என்றாள் அக்கா, மூச்சுக்குள். "எங்க கோடு போட்டாலும் முதல்ல ரெண்டு சுத்து சுத்துவாரு."

கதவுக்கு விட்டிருந்த இடைவெளியின் குறுக்கே ஒரு கோடு விழுந்தது. கதவு இருந்த இடம் சுவராகிவிட்டது.

வீட்டின் முன்பக்கத்தில் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

அடுத்து சமையலறையின் பின்கதவு. இரண்டு சுற்று. ஒரு கோடு. பின்பக்கத்திலிருந்து அதே சத்தம். பிறகு ஜன்னல்கள், ஒவ்வொன்றாக. ஒவ்வொரு கோட்டுக்கும் வீட்டில் கொஞ்சம் வெளிச்சம் குறைந்தது. எனக்குப் பின்னால் இருந்த ஜன்னலின் முறை வந்தபோது நான் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகில் பட்டுக்கொண்டிருந்த காற்று நின்றது.

அது மட்டும் தெரிந்தது.

அக்கா இப்போது என் பக்கத்தில் நின்றாள். எப்போது உள்ளே வந்தாள் என்று எனக்குத் தெரியாது. திரையின் அடியில் ஒரு கேள்வி வந்திருந்தது. மாற்றங்களைச் சேமிக்கவா? ஆம் என்றால் என்டர். வேண்டாம் என்றால் எஸ்கேப்.

அப்போதுதான் புரிந்தது. அந்தக் காலத்துப் புரோகிராம் அது. மவுஸால் வரையலாம், அழிக்கலாம். சேமிப்பதற்கு மட்டும் கீபோர்டில் அழுத்தியாக வேண்டும். வரைவதெல்லாம் வரைந்தாயிற்று. இனி அதற்கு ஒரு விரல் வேண்டும்.

அம்பு 'ஆம்' என்ற சொல்லைச் சுற்றியது. காத்திருந்தது. மறுபடி சுற்றியது.

"அழுத்துடி" என்றாள் அக்கா.

அவள் முகத்தைப் பார்த்தேன். பயமே இல்லை. திட்டு வாங்கி, பிறகு மன்னிக்கப்பட்ட குழந்தையின் முகம்.

"நீயே அழுத்தேன்."

"என்னைத்தான் இதத் தொடவே விட்டதில்லையே" என்று லேசாகச் சிரித்தாள். "வெளில வந்து நான் என்ன பண்ணப்போறேன் சொல்லு. இருபத்தாறு வருஷமா எல்லாத்தையும் அவர்தானே பாத்துக்கிட்டாரு."

அத்தனை வருடம் கேட்காததை அப்போது கேட்டேன்.

"அத்தான் உன்னை என்னக்கா பண்ணுவாரு?"

"ஒண்ணும் பண்ணமாட்டாரு." அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வெளில போறப்ப பூட்டிட்டுப் போவாரு. அவ்வளவுதான்."

எஸ்கேப்பை அழுத்தினேன்.

கோடுகள் மறைந்தன. முன்னாலும் பின்னாலும் தாழ்ப்பாள்கள் விலகுவது கேட்டது. முதுகில் காற்று பட்டது. மழையின் மணம் வந்தது. புரோகிராம் மூடிக்கொண்டு வெறும் கறுப்புத் திரை மிஞ்சியது. அதில் அம்பு இருக்க வழியே இல்லை. அதைக் காட்டும் புரோகிராம்தான் மூடிவிட்டதே.

இருந்தது.

கறுப்புக் கண்ணாடியில் எங்கள் இரண்டு பேருடைய முகங்களும் தெரிந்தன. அம்பு என் முகத்தின் மேல் நிற்காமல் கடந்துபோனது. அக்காவின் முகத்தை அடைந்ததும் மெதுவாக ஒரு முறை சுற்றியது. இன்னொரு முறை சுற்றியது.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் விரல்கள் சில்லிட்டிருந்தன.

"இன்னொரு தடவை மட்டும் திற. சொல்லிட்டாவது வரேன்."

நான் எழுந்து, மவுஸின் வயரைச் சுற்றிப் பையில் போட்டேன். அவள் கையை என் கைக்குள் எடுத்துக்கொண்டேன்.

"மாட்டேன்க்கா" என்றேன், குரலைத் தாழ்த்தாமல்.