நான்கு குழாய் ரத்தம்

காலை 7.10. பிரேசர் டவுன் வீட்டின் முன்னறை நாற்காலியில் நோயல் இறந்து கிடந்தான். மூக்கிலிருந்து வழிந்த ரத்தம் சட்டைப் பொத்தான்கள்மேல் உறைந்திருந்தது. நாள்பட்ட ரத்தப் புற்றுநோய்க்காக எலும்பு மஜ்ஜை மாற்றிப் பதினோரு மாதம். போன வாரத்து ரிப்போர்ட் மேசைமேல் இருந்தது: நோயின் தடயம் இல்லை.

இன்ஸ்பெக்டர் சேஷகிரி அதை இரண்டு முறை படித்தார்.

"கடைசி வரியைப் பாருங்க சார்," என்றான் நோயலின் தம்பி ஓஸ்வால்ட். மஜ்ஜை கொடுத்தவன் அவன்தான். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கும் லேப் வேலை. அண்ணனுக்கும் மாதாமாதம் அவனே எடுப்பான். ஏப்ரல் வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டிருந்தான். "புது மஜ்ஜை உடம்போட சண்டை போடாம இருக்க தினம் மாத்திரை. ரத்தத்துல அது துளிகூட இல்லை. அண்ணி குடுக்கவே இல்லை. கொன்னுட்டாங்க சார்."

நோயலின் மனைவி சாந்தகுமாரி அழவில்லை. பிஸ்கட் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து கவிழ்த்தாள். மாத்திரை அட்டைகள். ஒவ்வொரு குழிக்குப் பின்னாலும் பேனாவால் தேதி.

"கண்ணெதிர முழுங்கினாத்தான் காபியே குடுப்பேன் சார்."

"அட்டையைக் காலி பண்ண வாஷ்பேசின் போதும் அண்ணி."

மதியம் 12.40. நோயலுக்கு மஜ்ஜை மாற்றிய டாக்டர் ரமா போனில் வந்தார்.

"உடம்புல எடுத்த ரத்தத்துல மாத்திரை சரியான அளவு இருக்கு சார். புற்றணுவும் நிறைஞ்சிருக்கு. போன வாரம் சுத்தமா இருந்திருக்கவே முடியாது."

"போன வாரம் வந்தது வேற யாரோட ரத்தமோ?"

"மரபணு பார்த்தோமே. முழுசும் தம்பியோட அடையாளம். மஜ்ஜை மாற்று பலிச்சா, ரத்தம் குடுத்தவரோட அடையாளத்தோடதான் ஊறும்."

சேஷகிரி ரிப்போர்ட்டை மறுபடி புரட்டினார். "தம்பி ரத்தமே வந்திருந்தா?"

"வித்தியாசம் தெரியாது," என்றார் டாக்டர்.

"நோய் திரும்பினது தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

பதிலைக் கேட்டுவிட்டு சேஷகிரி தொப்பியை எடுத்துக்கொண்டார்.

மாலை 4.15. அதே முன்னறை.

"சட்டைக்கையை மடக்குப்பா," என்றார் சேஷகிரி.

ஓஸ்வால்ட் அசையவில்லை. கான்ஸ்டபிள் மடக்கினார். முழங்கை மடிப்பில் ஊசிக் குத்துகள். ஒன்று இன்னும் நீலம் மாறவில்லை.

"நோய் திரும்பினது முதல்ல லேப்ல உன் கண்ணுலதான் பட்டிருக்கு. அதுலேர்ந்து நாலு மாசம், அண்ணன் ரத்தத்தைக் கொட்டிட்டு உன்னோடதை நிரப்பி அவன் பேரை ஒட்டியிருக்கே. எந்தச் சோதனையும் உன்னைக் காட்டிக்கொடுக்கலை. மாத்திரை அளவை மட்டும் டாக்டர் இந்தத் தடவைதான் புதுசா பார்க்கச் சொன்னாங்க. ரத்தத்துல நீயும் அவனும் ஒண்ணுதான். ஆனா அண்ணி கையால மாத்திரை வாங்கி முழுங்கினது நீ இல்லையே."

"எலும்புக்குள்ளேர்ந்து எடுத்துக் குடுத்தேன் சார்," என்றான் ஓஸ்வால்ட். "இந்த வீட்டுல பாதியை எழுதித் தரேன்னான். பிழைச்சதும் மறந்துட்டான்."

"நோய் திரும்பினா டாக்டர் உன்னைத்தான் கூப்பிட்டிருப்பாங்க. உன் ரத்தத்துலேர்ந்து அணுக்களைப் பிரிச்சு அவனுக்கு ஏத்தியிருப்பாங்க. பிழைச்சிருக்கலாம். நாலு மாசமா நீ குத்திக்கிட்டது அதே கையைத்தான்."

ஓஸ்வால்ட் சட்டைக்கையை இறக்கினான்.

சாந்தகுமாரி அட்டைகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டாள். இன்றைய தேதியிட்ட குழியில் மாத்திரை அப்படியே இருந்தது.