ராசாத்தி நிறுத்திய இடம்

கதவில் அந்த ஓட்டை இருந்தது.

படத்துக்காகப் போட்ட வீடு அது. ஓசூர் சிப்காட்டில் மூடிக் கிடந்த ஒரு நூல் மில்லின் கொட்டகைக்குள், சென்னம்மாள் முன்பு குடியிருந்த ஒற்றை அறை லைன் வீட்டைப் பலகையும் பிளைவுட்டும் வைத்து எழுப்பியிருந்தார்கள். மூன்று பக்கம் சுவர், நாலாவது பக்கம் கேமராவுக்காகத் திறப்பு. அடுப்பு மேடை, கொடிக்கயிறு, சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் அவள் வாயால் சொல்லிச் செய்தவை. ஓட்டையைப் பற்றி மட்டும் அவள் யாரிடமும் சொன்னதில்லை. தாழ்ப்பாளுக்கு ஒரு சாண் மேலே, கட்டைவிரல் பருமனில், ஊதாத் துணி திருகி அடைத்தபடி அது இருந்தது.

ஆணிப் பெட்டியோடு போய்க்கொண்டிருந்த தச்சர் கோவிந்தப்பனை நிறுத்தினாள்.

"ஏம்பா, இந்தக் கதவு எங்க புடிச்சீங்க?"

"ராயக்கோட்டை ரோட்டுல பழைய சாமான் கடைக்கா. ரோடு போட இடிச்ச வீட்டுக் கதவுங்க மலையாட்டம் குமிஞ்சு கெடக்குது. ஏன், சரியில்லியா?"

"சரியாத்தான் இருக்குது. இந்தத் துணி?"

கோவிந்தப்பன் குனிந்து பார்த்தார். "நேத்து பெயிண்ட் அடிக்கறப்ப இல்லியே. வெளிச்சம் வருதுன்னு எவனாச்சும் அடைச்சிருப்பான். விடுக்கா, கேமராவுக்குத் தெரியாது."

அவள் வேலை பார்த்த ரோஜாக் கம்பெனியில் யூனிபாரம் ஊதா நிறம்தான். சென்னம்மாள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

வெளியே பட்டப்பகல், மணி பதினொன்று. தகரக் கூரை வெயிலில் டிக் டிக்கென்று வெடித்துக்கொண்டிருந்தது, பெங்களூரு ரோட்டில் லாரிகள் ஓயாமல் ஓடின, பக்கத்துக் கம்பெனியில் டீ நேரத்துச் சங்கு ஊதியது. கொட்டகைக்குள் மட்டும் ராத்திரி. ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி இழுத்துக் கட்டி, கூரை ஓட்டைகளுக்குத் தார் ஷீட் போட்டு இருட்டைச் செய்து வைத்திருந்தார்கள். பழைய பஞ்சுத் தூசி, மிஷின் எண்ணெய், ஈரப் பெயிண்ட், எல்லாவற்றுக்கும் அடியில் வெட்டிப் போட்ட ரோஜாத் தண்டு அழுகும் வாடை. ரோஜாவை யார் இங்கே கொண்டு வந்தார்கள் என்று பார்த்தாள். ஒரு பூவும் இல்லை.

ராயக்கோட்டை ராசாத்தியின் வாழ்க்கையைத்தான் படமாக எடுக்கிறார்கள். கோயில் மேடையிலும் சினிமாவிலும் பாடி ஊரையே அழ வைத்தவள். அதற்கு முன்னால், பாகலூர்ப் பக்கம் பிளாஸ்டிக் கூரை போட்ட ரோஜாக் கொட்டகையில், சென்னம்மாளோடு ஒரே வரிசையில் நின்று பூ வெட்டியவள். அங்கே பாட்டுக்கு ஒரு முறை இருந்தது. முதல் அடியை ராசாத்தி எடுப்பாள், எடுத்து நிறுத்துவாள், இரண்டாவது அடியைச் சென்னம்மாள் வாங்கிப் பாடுவாள். வாங்கிப் பாட ஆள் இல்லாவிட்டால் ராசாத்தி அடுத்ததற்குப் போகவே மாட்டாள். சூப்பர்வைசர் வந்து சத்தம் போட்டால்கூட, கத்தரியைக் கையில் பிடித்தபடி அப்படியே நிற்பாள். "முந்திப் போறவளுக்குப் பிந்திப் போறவ பாடணும்டி சென்னி" என்று சொல்லி வைத்திருந்தாள். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துப் படித்த சென்னம்மாள், தானாக எழுத்துக் கூட்டி வாசித்த முதல் பெயரே பஸ் ஸ்டாண்டு சுவரொட்டியில் இருந்த அவள் பெயர்தான்.

டைரக்டர் ஸ்வாதி சென்னைப் பெண், முப்பது வயதிருக்கும். போன வருஷம் வீட்டுக்கு வந்து, கண் கலங்கக் கேட்டாள்: "கடைசி நேரத்துல அவங்க கூட யாராவது இருந்தாங்களாம்மா?"

மகள் பூங்கொடி காபி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். வீட்டுக்காரர் வெங்கடப்பன் கட்டிலில் இருந்தார். சென்னம்மாளின் வாய் தானாகச் சொன்னது: "நான் இருந்தேன். எங்க வீட்லதான், எம் மடியிலதான் உசுரு போச்சு. விடிய விடிய நான் ஒருத்தியே பாடினேன்."

அது பொய். ராசாத்தி செத்த அன்று மகளும் வீட்டுக்காரரும் வெளியூரில் இருந்ததால் மறுக்க ஆளில்லை. அந்தப் பொய்தான் இன்றைக்குக் கடைசிக் காட்சி. சென்னம்மாளே சென்னம்மாளாக உட்கார்ந்து பாட வேண்டும் என்று ஸ்வாதி ஒரே பிடியாக நின்றாள்.

ராசாத்தியாக நடிக்கும் சரிதா பிண வேஷத்தில் சிரித்துக்கொண்டே வந்தாள். நெற்றியில் காசு, தாடையைச் சுற்றி வெள்ளைக் கட்டு, கழுத்தில் மல்லிச் சரம். கழுத்து வழுவழுவென்று சுத்தமாக இருந்தது. நிஜ ராசாத்திக்குத் தொண்டையில் ஆபரேஷன் செய்து, மூச்சுக்கு ஓட்டை போட்டு வைத்திருந்தார்கள். அதை விரலால் அடைத்துக்கொண்டுதான் பேசுவாள். படத்தில் அது வேண்டாம், பார்க்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று விட்டுவிட்டார்கள். சென்னம்மாளும் சரி என்றாள்.

"சென்னம்மாக்கா, நல்லா அழுங்க. ஆனா என்னை நெஜமாவே அனுப்பி வச்சுடாதீங்க" என்று பாயில் மல்லாந்தாள் சரிதா. "ஷாட் முடிஞ்சதும் நான் எந்திரிச்சுச் சிரிக்கணும், மறந்துடாதீங்க மேடம். போன படத்துல மறந்துட்டாங்க, எனக்கு ஒரு மாசம் காய்ச்சல்."

பிணமாகப் படுத்தவர் எழுந்து கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரித்துவிட வேண்டும், அதற்கப்புறம் பூசணிக்காய் உடைக்க வேண்டும். சினிமாக்காரர்களின் வழக்கம். வாசலில் பூசணிக்காய் குங்குமம் தடவித் தயாராக இருந்தது.

"அம்மா," ஸ்வாதி பக்கத்தில் குனிந்தாள். "முதல் அடியை நீங்க பாடுங்க. பாடிட்டு நிறுத்திடுங்க. ரெண்டாவது அடிக்கு ஆள் இல்ல. அந்த வெறுமைதான் எனக்கு வேணும். யாரும் மூச்சு விடக்கூடாது."

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்கள். விளக்குகள் முகத்தில் விழுந்தன. நாலாவது சுவர் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு மட்டும் தெரிந்தது. அந்தக் கறுப்புக்குள்ளிருந்து "ஆக்‌ஷன்" என்று குரல் வந்தது.

*முள்ளு மேல பூப்பறிச்சேன், மூணு கூடை நான் நெறச்சேன்...*

நிறுத்தினாள். வெறுமை. கூரை டிக்கென்றது.

"கட் கட்!" ஒலிப்பதிவு செய்யும் ஹரீஷ்குமார் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றியபடி வெளிச்சத்துக்கு வந்தான். ஓசூர்ப் பையன், பாதி கன்னடம் பேசுகிறவன். "யாருக்கா கூடப் பாடுனது?"

"யாரும் பாடலியே."

"நீங்க நிறுத்துன கேப்புல ஒரு குரல் வருது. பாட்டுன்னும் சொல்ல முடியாது. துணி கிழியற மாதிரி. சரிதா மேடம், நீங்களா?"

"பொணம் எங்கயாவது பாடுமா? போய் மைக்கைப் பாருப்பா" என்று கண்ணைத் திறக்காமலே சொன்னாள் சரிதா. எல்லோரும் சிரித்தார்கள்.

சென்னம்மாள் சிரிக்கவில்லை. துணி கிழிகிற மாதிரி. அந்தக் குரலை உலகத்தில் அவள் ஒருத்திதான் கடைசியாகக் கேட்டவள்.

ஆறு வருஷத்துக்கு முந்தி, ஒரு மத்தியானம். கதவில் மூன்று தட்டு. "சென்னி, நான்டி." பணமும் ஆட்களும் போய், குரலும் போய், ஒரு மஞ்சப்பையோடு ராசாத்தி வந்து நின்றாள். அன்றைக்குப் பூங்கொடியைப் பெண் பார்க்க வருகிறார்கள், தொண்டைப் புண் வாடையோடு அவளை எப்படி உள்ளே விடுவது என்று சென்னம்மாள் ஆறு வருஷமாகத் தனக்குத்தானே சொல்லி வந்தாள். அதுவும் பொய். பெண் பார்க்க வந்தது மறுநாள்தான். சுவரொட்டியில் இருந்தவள் இப்படி வந்து நிற்கிறாளே என்று அவளுக்குள் எதுவோ ஒரு கணம் இனித்தது. அந்த இனிப்புக்குப் பயந்துதான் அவள் கதவைத் திறக்கவில்லை.

கையால் வாயைப் பொத்திக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றாள். வெளியே ராசாத்தி தொண்டையை அடைத்துக்கொண்டு முதல் அடியை எடுத்தாள். நிறுத்தினாள். காத்திருந்தாள். அப்புறம் கதவு ஓட்டையில் அவள் கண் வந்தது. உள்ளே துழாவியது. சென்னம்மாள் கொடியில் கிடந்த ஊதா யூனிபாரத்தின் கிழிசலை எடுத்து, அந்தக் கண் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஓட்டையை அடைத்தாள்.

சாயங்காலம் வெங்கடப்பன் கேட்டார்: "யாராச்சும் வந்தாங்களா?"

"யாரும் வர்ல."

மூன்றாம் நாள் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் ராசாத்தி செத்துப் போனாள். ஒப்பாரி பாட ஆள் இல்லாமலே பிணத்தை எடுத்தார்கள். சென்னம்மாள் டியூட்டி என்று சொல்லிப் போகவில்லை.

சென்னம்மாள் இப்போது எழுந்து கறுப்புக்குள் போனாள். ஒயர்களைத் தாண்டி ஸ்வாதியிடம் போய் நின்றாள்.

"ஏம்மா... இந்த சீனு வேணாமே."

"என்னம்மா ஆச்சு? மனசு கஷ்டமா இருக்கா?"

"நான் சொன்னது... அன்னிக்கு நான்..."

ஸ்வாதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவ்ளோ பெரிய பாடகி அநாதையா சாகல, ஒரு தோழி மடியில செத்தாங்கன்னு நீங்க சொன்னீங்க பாருங்க. அதுக்காகத்தான்மா இந்தப் படமே. என் அம்மாகிட்டச் சொன்னேன், அவங்க அழுதாங்க. நீங்க பெரிய மனுஷிம்மா."

சுற்றி நின்ற லைட்காரர்கள் அவளைக் கும்பிடாத குறையாகப் பார்த்தார்கள். இப்போது சொன்னால் இந்தக் கண்களெல்லாம் திரும்பிக்கொள்ளும். பூங்கொடிக்குத் தெரிந்துபோகும். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்துபோகும். சென்னம்மாள் எச்சிலை விழுங்கினாள். சொல்ல வந்ததும் அதோடு உள்ளே போனது.

"ஒண்ணுமில்ல கண்ணு. தண்ணி வேணும்னுதான்."

திரும்பி வந்து உட்கார்ந்தாள். பாயில் உருவம் படுத்திருந்தது. இந்தத் தடவை வெள்ளைத் துணியைத் தாடைவரை இழுத்துப் போர்த்தியிருந்தது, முகம் சுவர்ப் பக்கம் பாதி திரும்பியிருந்தது. கழுத்து தெரியவில்லை. ரோஜாத் தண்டு வாடை இப்போது இங்கேதான், முகத்துக்கு நேரே, புண் வாடையோடு கலந்து வந்தது. சரிதா செண்ட் போட்டிருந்தாளே என்று நினைத்துக்கொண்டாள்.

"ஆக்‌ஷன்."

*முள்ளு மேல பூப்பறிச்சேன், மூணு கூடை நான் நெறச்சேன்...*

நிறுத்தினாள்.

கூரைச் சத்தம் இல்லை. லாரிச் சத்தம் இல்லை. ஜெனரேட்டர் எங்கேயோ தூரத்தில் போய்விட்ட மாதிரி இருந்தது. போர்வைக்குள் எதுவோ அசைந்தது. ஒரு விரல். பாய்க்கு அடியில் இருந்த பலகையைத் தட்டியது.

டொக். டொக். டொக்.

அப்புறம் குரல். துணி கிழிகிற குரல்.

*மொகம் பாக்க நீ வருவேன்னு... முந்தானையில முடிஞ்சு வச்சேன்...*

இரண்டாவது அடி. சென்னம்மாளின் அடி. வாங்கிப் பாட வேண்டியவள் அன்றைக்குப் பாடாததால், எப்போதும் எடுத்துக் கொடுப்பவளே அதையும் பாடிக்கொண்டாள்.

சென்னம்மாள் எழப் பார்த்தாள். முடியவில்லை.

"கட்! ஓகே!" கறுப்புக்குள்ளிருந்து ஸ்வாதியின் குரல் விம்மியது. "சூப்பர் சரிதா! வெறுமையை விட இதுதான் நல்லாயிருக்கு. எந்திரிங்க, கேமராவைப் பாத்துச் சிரிச்சுடுங்க. கேமரா ஓடட்டும்."

உருவம் எழுந்தது. கை ஊன்றவில்லை. முழங்கால் மடங்கவில்லை. போர்வையோடு அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தது.

அப்போது கதவில் மூன்று தட்டு.

"மேடம்!" வெளியிலிருந்து சரிதாவின் சிரிப்புக் குரல். "போன் வந்துச்சுன்னு பின்பக்கமா வேனுக்குப் போனேன். நான் இல்லாமயே டேக் போயிட்டீங்களா? அக்கா, கதவத் தெறங்க!"

கறுப்புக்குள் யாரோ எதையோ கீழே போட்டார்கள். ஹரீஷ்குமார் மட்டும் மெதுவாகச் சொன்னான், "ஓடுது... இன்னும் ஓடுது மேடம்."

சென்னம்மாள் கதவைப் பார்த்தாள். ஓட்டை திறந்திருந்தது. ஊதாத் துணி இல்லை. ஊசி மாதிரி வெளிச்சம் வந்தது, பிறகு மறைந்தது. சரிதாவின் கண் ஓட்டையில் இருந்தது.

"அக்கா? உள்ளதான இருக்கீங்க?"

தாழ்ப்பாள் உள்பக்கம். எட்டும் தூரம்.

போர்வை நழுவியது. தாடைக் கட்டு இல்லை. மல்லிச் சரம் இல்லை. கழுத்தின் நடுவில் ஓட்டை. அதில் ஊதாத் துணி.

கை மேலே வந்தது. துணியின் நுனியைப் பிடித்து இழுத்தது. நிதானமாக. ஒரு சாண். இரண்டு சாண். ஈரத்தோடு அதைச் சுருட்டிச் சென்னம்மாளின் மடியில் வைத்தது. இந்த மடியில்தானே என்கிற மாதிரி.

சிரிக்கவில்லை. கேமராவையும் பார்க்கவில்லை.

ஒரு விரல் எழுந்து கழுத்து ஓட்டையை அடைத்தது.

*முள்ளு மேல பூப்பறிச்சேன், மூணு கூடை நான் நெறச்சேன்...*

விரல் விலகியது. ஓட்டைக்குள் காற்று சீழ்க்கை அடித்தது.

கதவு தட்டிக்கொண்டே இருந்தது. சென்னம்மாளின் வலது கை, அன்றைக்கு எழுந்த அதே கை, தானாக எழுந்து அவள் வாயை இறுக்கிப் பொத்தியது.

அன்றைக்குக் கதவுக்கு வெளியே நின்றவள், இன்றைக்குக் கதவுக்கு உள்ளே, முகத்தோடு முகம் வைத்து உட்கார்ந்து, தலையைக் கொஞ்சம் சாய்த்து, பொத்திய அந்த வாயையே பார்த்தபடி, அடுத்த அடிக்காகக் காத்திருந்தாள்.