முத்துக்கரைக் கோப்பையின் இரண்டு கோல்கீப்பர்கள்

பவுல் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோது, அவன் சட்டை முதுகில் யாரோ எச்சில் துப்பியிருந்தது அவனுக்கே தெரியாது. வீரபாகு பார்த்துவிட்டார். ஈரத்துணி ஒன்றை எடுத்து வந்து, முதுகைத் துடைத்தார்.

"பஸ்ல வந்தியா தம்பி?"

"ஆமா அண்ணாச்சி, புன்னைக்காயல்லேர்ந்து. பின் சீட்டுல எங்க ஊருக்காரங்க இருந்தாங்க..." என்று சொல்லிக்கொண்டே வந்தவன், அந்தத் துணியைப் பார்த்ததும் நிறுத்திவிட்டான்.

மேசைக்கு அந்தப் பக்கம் ஆதிலக்ஷ்மி அமைதியாகக் காத்திருந்தார். தூத்துக்குடி சுங்கத்துறையின் புலனாய்வுப் பிரிவில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். போலீஸ் மூடிவிட்ட விவகாரங்களோடு ஆட்கள் அவரைத் தேடி வருவது வழக்கம். வீரபாகு அவருக்குக் கீழே வேலை பார்த்தவர். ஓய்வுக்குப் பின்னும் அவரை விட்டுப் போகவில்லை. கால்பந்து என்றால் சோறு தண்ணீர் மறந்துவிடுவார்.

"ஜெரால்டு விஷயந்தானே?" என்றார் வீரபாகு ஆர்வம் தாங்காமல். "மேடம், முத்துக்கரைக் கோப்பை. முதல் டிவிஷன்ல இடம் கிடைக்காத சின்ன அணிங்களுக்கு நடக்குதது. இவங்க புன்னை யுனைடெட் ரெண்டாவது சுற்றைத் தாண்டினதே கிடையாது. இந்த வருசம் அரையிறுதிக்கு வந்துட்டாங்க. எல்லாம் ஜெரால்டு ஒருத்தனாலதான். கால் இறுதியில தோள்பட்டை விலகியும் பெனால்டியைப் பிடிச்சான் அந்தப் பய."

"தம்பி சொல்லட்டும்," என்றார் ஆதிலக்ஷ்மி.

பவுல் சொன்னான். முத்தையாபுரத்தில் உப்பளம் பிரதர்ஸ் அணியின் மைதானத்தில் அரையிறுதி. இடைவேளையில் ஒரு மழை கொட்டித் தீர்த்துவிட்டு நின்றது. இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் தாழ்வாக ஒரு பந்து வந்தது. ஜெரால்டு பாய்ந்தான். கோல் கோட்டின் மேல் முகம் குப்புற விழுந்தான். அப்புறம் அலறினான். ஆஸ்பத்திரியில் இமைகளுக்குள்ளிருந்து சுண்ணாம்பை எடுத்தார்கள். நீற்றாத சுண்ணாம்பு. ஈரம் பட்டால் நெருப்பாய்ச் சுடுவது. இரண்டு கண்ணும் போய்விட்டன.

"மழையில அழிஞ்ச எங்க பக்கத்துக் கோல் கோட்டை மறுபடி போட்டது நான்தான் மேடம். நான் ரிசர்வ் கோல்கீப்பர். அவன் விழுந்த பிறகு நான் இறங்கினேன், ஜெயிச்சோம். போலீஸ் விபத்துன்னு எழுதிட்டாங்க. ஊர் அப்படி எழுதல. பேசி வச்ச பொண்ணு வீட்டுல வேண்டாம்னுட்டாங்க. மீன்பிடி போட்டுல என்னை ஏத்த மாட்டேங்காங்க. எங்க அப்பா ஒருத்தர்தான் எனக்காகப் பேசுதாரு. அவர்தான் எங்க கோச்சு, கிருபாநிதி. ஞாயித்துக்கிழமை இறுதிப் போட்டி. அதுக்கு முன்னால உண்மை தெரியணும்."

"கோட்டுக்கு நீங்க போட்டது எந்தச் சுண்ணாம்பு?"

"சுண்ணாம்பே இல்ல மேடம். மூட்டை நனைஞ்சு களியாப் போச்சு. பக்கத்துல உப்பு லாரி நின்னுச்சு. கீழ சிந்திக் கிடந்ததை அள்ளிட்டு வந்து போட்டேன். இப்பச் சொன்னா கதை கட்டுதான்னு சொல்லுதாங்க. அப்பாவே அதை வெளியில சொல்லாதலேங்காரு."

*

மைதானத்தில் ஆட்டம் எதுவும் இல்லை. அரையிறுதிக்குப் பிறகு மழையும் இல்லை. உப்பளம் பிரதர்ஸின் மேலாளர் செந்தூர்பாண்டி ஒரு குச்சியை வைத்துக்கொண்டு ஆடுகளை விரட்டிக்கொண்டிருந்தார்.

"பாத்தியளா மேடம், இவ்வளவு பெரிய மைதானம் கிடக்கு. அந்த ஒரு கோலைத்தான் பிடிச்சுக்கிட்டு நிக்குதுங்க. தரையை நக்கி நக்கிக் குழியே பறிச்சிட்டு. எதிர்க் கோல் பக்கம் ஒண்ணாவது போகுதா?"

ஆதிலக்ஷ்மி இரண்டு கோல்களையும் நடந்து போய்ப் பார்த்தார். பிறகு கோடு போடும் சுண்ணாம்பைக் கேட்டார். கொட்டகையில் இருந்த மூட்டையிலிருந்து ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் வைத்துத் தண்ணீர் ஊற்றினார். வீரபாகு பதறிப்போனார். சுண்ணாம்பு சும்மா கரைந்து வழிந்தது. கை சுடவில்லை.

"அது முதல்லயே தண்ணி தெளிச்சு நீத்துப் பொடியாக்கினதும்மா," என்றார் செந்தூர்பாண்டி. "சின்னப் பிள்ளைங்க விளையாடுத இடம். வேற சுண்ணாம்பு இங்க வாரதே இல்ல."

"ஜெரால்டு விழுந்ததும் என்ன நடந்தது?"

"எவன் முழங்காலோ மூஞ்சில பட்டுட்டுன்னுதான் நாங்க எல்லாரும் நெனச்சோம். நான் கோலுக்குப் பின்னால நின்னேன். தண்ணி பாட்டிலோட ஓடினேன். அந்தப் பய பவுல் வந்து கையைத் தட்டிவிட்டான். பாட்டில் சகதியில விழுந்துட்டு. ஊத்தாதிய, கொதிக்கும்னு கத்துதான். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருத வரைக்கும் ஒரு சொட்டு படவிடல."

வெளியே வந்ததும் வீரபாகு ஆதிலக்ஷ்மியின் காதருகே வந்தார். "முதல்ல இந்தச் செந்தூர்பாண்டி மேலதான் எனக்குச் சந்தேகம் மேடம். இப்ப பவுல் மேலேயே வந்துட்டு. நம்மகிட்ட வந்து அழுதவனே செஞ்சிருப்பானோ?"

"ஆடுங்க எதுக்காக அங்கே நிக்குதுன்னு யோசிங்க வீரபாகு," என்றார் ஆதிலக்ஷ்மி.

கிருபாநிதியைப் புன்னைக்காயலில் கரையேற்றிய படகுகளுக்குப் பக்கத்தில் பார்த்தார்கள். அணி பயிற்சியில் இருந்தது. கோலில் பவுல் நின்றான். பந்தை அவன் பிடித்தபோது யாரும் கைதட்டவில்லை.

"தண்ணியைத் தட்டிவிட்டதை வச்சு என் மகனைச் சந்தேகப்படாதிய," என்றார் கிருபாநிதி. நிமிர்ந்த உடம்பு, நிதானமான குரல். "ஊத்தாத, கொதிக்கும்னு நான்தான் எல்லைக்கோட்டுலேர்ந்து கத்தினேன். சுண்ணாம்புல தண்ணி பட்டா கொதிக்கும்லா? அவன் நான் சொன்னதைச் செஞ்சான். நான் ஓடிப் போய், ஜெரால்டு துவாலையை வச்சே கண்ணைக் கட்டி, என் மடியில போட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். ஜெரால்டு எனக்கு இன்னொரு பிள்ளை."

"அந்தத் துவாலை எங்கே?"

"எரிச்சுட்டேன். அதைப் பாத்துட்டு இருக்க முடியுமா மேடம்?"

*

இறுதிப் போட்டிக்கு முந்தின நாள் காலை, ஆதிலக்ஷ்மியின் வேண்டுகோளுக்காக எல்லோரும் ஜெரால்டின் வீட்டில் கூடினார்கள். கிருபாநிதியும் பவுலும் சுவரோரம் நின்றார்கள். செந்தூர்பாண்டி வாசற்படியை விட்டு உள்ளே வரத் தயங்கினார். கட்டிலில் ஜெரால்டு, கண்களில் கட்டு. அவன் மனைவி பிளாரன்ஸ் பக்கத்தில் நின்றாள். பவுல் நின்ற திசையை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை.

"பிளாரன்ஸ், அன்னைக்கு இவர் போட்டிருந்த கையுறை இருக்கா?"

"கழுவக்கூட இல்ல மேடம்," என்று எடுத்து வந்தாள். உள்ளங்கைப் பக்கம் காய்ந்த சகதி. அதில் வெள்ளையாகத் திட்டுகள். ஆதிலக்ஷ்மி ஒரு திட்டில் தண்ணீர் தெளித்தார். ஒன்றும் ஆகவில்லை. விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"உப்பு. பாய்ந்து விழுறவனுக்கு முகத்துக்கு முன்னாடி கை தரையில படும். கோட்டில் சுண்ணாம்பு இருந்திருந்தா இதுல ஒட்டியிருக்கும். ஆடுகளும் இதைத்தான் சொல்லுது. உப்பு கிடந்த இடத்தைத்தான் ஆடு நக்கும். பவுல் சொன்னது உண்மை. கோட்டில் சுண்ணாம்பு இல்லவே இல்லை."

செந்தூர்பாண்டி உள்ளே ஓர் அடி வந்தார். "பிறகு கண்ணுக்குள்ள எப்படிப் போச்சு?"

"அதை ஜெரால்டுகிட்டதான் கேக்கணும். தம்பி, எரிச்சல் முதல்ல வந்ததா, நீங்க விழுந்தது முதல்லயா?"

ஜெரால்டு கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தான். "இதை இதுவரைக்கும் யாரும் என்கிட்ட கேக்கல மேடம். எரிச்சல்தான் முதல்ல. மூஞ்சியில மழைத்தண்ணியும் வேர்வையும் வழிஞ்சுது. துவாலையால அழுத்தித் துடைச்சேன். அப்பவே சுருக்குன்னுச்சு. அதுக்குள்ள பந்து வந்துட்டு. கண்ணு தெரியாமத்தான் பாஞ்சேன்."

"துவாலை யார் கொடுத்தது?"

"இடைவேளையில நம்ம கோச்சு மாஸ்டர்தான் கொடுத்தாரு. உன் துவாலை நனைஞ்சுட்டு, இந்தா காஞ்சது, மடிப்பைப் பிரிக்காம வலையில தொங்கவிடுன்னு..." ஜெரால்டின் குரல் அங்கேயே நின்றது.

ஆதிலக்ஷ்மி கிருபாநிதியின் பக்கம் திரும்பினார்.

"நீங்க ஒரு வார்த்தை தப்பாச் சொல்லிட்டீங்க. 'கொதிக்கும்'னு சொன்னீங்க. ஜெரால்டு முகத்தில் முழங்கால் இடிச்சதுன்னு எல்லாரும் நினைச்ச நேரம் அது. தூரத்துல நின்ன உங்களுக்கு மட்டும் சுண்ணாம்புன்னு தெரிஞ்சிருந்தது. கோட்டுச் சுண்ணாம்புதான்னு நினைச்சிருந்தாலும், அது நீற்றினது, தண்ணி பட்டாக் கொதிக்காதுன்னு இத்தனை வருஷம் பயிற்சி கொடுத்த உங்களுக்குத் தெரியாதா? கொதிக்கிற சுண்ணாம்பு ஒரே ஒரு இடத்துலதான் இருந்தது. நீங்க கொடுத்த துவாலைக்குள்ள. கோட்டில் விழுந்ததால வந்த விபத்துன்னு எல்லாரும் நம்பட்டும்னு விட்டுட்டீங்க. மூட்டை நனைஞ்சு போய், உங்க மகன் உப்பைப் போட்டான்னு அப்ப உங்களுக்குத் தெரியாது. அவன் பின்னால சொன்னதும், வெளியில சொல்லாதேன்னு வாயை அடைச்சீங்க. அந்த உப்புதான் அவனைக் காப்பாத்துது. உங்களைக் காட்டிக்கொடுக்குது."

கிருபாநிதி மறுக்கவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டார்.

"இறுதிப் போட்டிக்குப் பெரிய அணியிலேர்ந்து ஆள் எடுக்க வாராங்க," என்றார். "பவுலுக்கு வயசு வரம்புல இதுதான் கடைசி வருசம். சின்ன வயசுலேர்ந்து பெஞ்சுலயே உக்காத்தி வச்சேன் என் மகனை."

"மாஸ்டர்," என்றாள் பிளாரன்ஸ். "நீங்கதானே கோச்சு? இவரை வெளிய உக்காத்திட்டு உங்க மகனை இறக்கிருக்கலாமே! யார் கேக்கப் போறா?"

"அதெப்படி முடியும்?" கிருபாநிதி உண்மையாகவே திகைத்துப்போய் அவளைப் பார்த்தார். "ரெண்டு பேருல ஜெரால்டுதான் நல்ல கீப்பர். அணி எடுக்குததுல நான் ஒரு நாளும் பொய் சொன்னதில்லம்மா."

வீரபாகு வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பவுல் சுவரை விட்டு விலகி, அப்பாவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் வந்து நின்றான். பழி போய்விட்டது. ஆனால் அவன் முகத்தில் நிம்மதி இல்லை.

"மேடம்," என்றான் ஜெரால்டு. "செந்தூர்பாண்டி அண்ணாச்சி கொண்டு வந்த தண்ணியை ஊத்திருந்தா என்ன ஆயிருக்கும்? டாக்டர் உங்ககிட்டச் சொல்லிருப்பாரு."

ஆதிலக்ஷ்மி தயங்கினார். அவர் தயங்கி வீரபாகு பார்த்தது அதுதான் முதல் தடவை.

"பொய் சொல்லாதிய மேடம். எனக்கு உங்க மூஞ்சி தெரியாது, கண்டுபிடிக்க முடியாது."

"அந்த நிமிஷமே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தா," என்றார் ஆதிலக்ஷ்மி மெதுவாக, "சுண்ணாம்பு உள்ளே தங்கியிருக்காது. ஒரு கண்ணாவது மிஞ்சியிருக்கும்னு டாக்டர் சொன்னார்."

பவுல் தன் வலது கையைப் பார்த்தான். பிறகு அப்பாவைப் பார்த்தான். "என் கையாலயா அப்பா?" என்று கேட்டான். "அதையும் என் கையாலயே செய்ய வச்சியா?"

கிருபாநிதி முதன்முறையாகத் தலை குனிந்தார்.

ஆதிலக்ஷ்மி சொல்லி வைத்திருந்தபடி போலீஸ் ஜீப் தெருமுனையில் நின்றது. தந்தையை அழைத்துக்கொண்டு போகும்போது பவுல் பின்னால் போகவில்லை. கட்டிலின் காலடியில் தரையில் உட்கார்ந்து அழுதான். "நாளைக்கு நான் இறங்கல ஜெரால்டு. கோப்பையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

"நீ இறங்கணும்," என்றான் ஜெரால்டு. குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பவுலுக்கு எளிதாக இருந்திருக்கும். "இந்தக் கோப்பைக்காக இந்த வருசம் பூரா நான் விழுந்து எந்திச்சிருக்கேன். நான் கோலுக்குப் பின்னால உக்காந்திருப்பேன். எந்தப் பந்து எங்கேர்ந்து வருதுன்னு ஒண்ணு விடாம நீ எனக்குச் சொல்லணும்."

*

பவுல் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முழுவதும், கூட்டத்தின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திச் சொன்னான். "இடது ஓரத்துல பத்தாம் நம்பர் வாரான்... கிராஸ் பண்ணுதான்... உயரப் பந்து, பிடிச்சுட்டேன்." வலைக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் ஜெரால்டு கேட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு பந்துக்கும் அவன் தோள் தானாக அசைந்ததை, வேலியோரம் நின்ற வீரபாகு பார்த்தார். அதற்கு மேல் ஆட்டத்தை அவரால் பார்க்க முடியவில்லை. பவுலின் குரல் கம்மிப்போய், கடைசியில் வெறும் காற்றாக வந்தது. அப்படியும் அவன் நிறுத்தவில்லை. அன்றைக்கு ஆடியதுபோல் அவன் அதற்கு முன் ஆடியதே இல்லை. ஒரு பந்தும் உள்ளே போகவில்லை. புன்னை யுனைடெட் ஜெயித்தது.

விசில் ஊதியதும் பவுல் வலையைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்து ஜெரால்டின் முன்னால் முழங்காலிட்டான்.

"முடிஞ்சுது ஜெரால்டு. ஜெயிச்சிட்டோம்."

ஜெரால்டு கையை நீட்டித் தடவி அவன் தலையைக் கண்டுபிடித்தான். ஒரு கணம் அங்கேயே வைத்திருந்தான்.

"நல்லாப் பிடிச்சே," என்றான். "போதும்லே. இனிமே உன் குரல் என் காதுல விழக்கூடாது."

பிளாரன்ஸ் அவன் கையைப் பிடித்து எழுப்பினாள். அவர்களுக்கு வழிவிட்டுக் கூட்டம் விலகியது. கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த ஆட்டக்காரர்கள், அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நடுவில் நின்றுவிட்டார்கள்.