பிஞ்சுக் கரும்புக்கு முதல் உத்தரவு

எலிசா மாடிப்படி ஏறும்போதே மேலேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு நாளாக அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. இங்கே என்னவோ கல்யாண வீடு மாதிரி!

வில்லியனூர்க் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே இருந்தது அந்த ஒற்றை அறை. மேசைக்குப் பின்னால் இருந்தவர் மரியசுந்தரம். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பல வருடம் பொய் க்ளெய்ம்களைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, பிறகு சொந்தமாகத் துப்பறிய வந்தவர். பக்கத்தில் ரஷீத், ஜவுளிக்கடைக்காரரின் மகன். கடையில் இருக்கவேண்டிய நேரத்தில் எல்லாம் இங்கேதான் இருப்பான்.

"சார், திங்கக்கிழமை என்னை வேலையை விட்டு எடுக்கப் போறாங்க" என்றாள் எலிசா, உட்காராமலே. "எங்கப்பா கரும்பையும் ஆலை இனிமே எடுக்காதாம். நான் ஒரு தப்பும் பண்ணல. ஆனா நான் எழுதின புரோகிராம் தப்பாத்தான் வேலை செய்யுது. ஏன்னு எனக்கே தெரியல."

மரியசுந்தரம் நாற்காலியைக் காட்டினார். "மொதல்ல தண்ணி குடிங்க. அப்புறம் மொதல்லேந்து சொல்லுங்க."

அவள் சொன்னாள். கரும்பு முற்றிவிட்டது என்று விவசாயி தன் இஷ்டத்துக்கு வெட்டிவிட முடியாது. ஆலை வெட்டு உத்தரவு தரவேண்டும். அதன் பிறகுதான் ஆட்கள் வந்து வெட்டுவார்கள். முற்றிய கரும்பைக் காக்க வைத்தால் காய்ந்து எடை குறையும். பிஞ்சை வெட்டினால் சாறு வெறும் தண்ணீர். அதனால் ஆலையின் ஆள் ஒவ்வொரு வயலிலும் சாற்றின் இனிப்பை ஒரு கைக்கருவியால் அளந்து வருவார். இனிப்பு அதிகமான வயலுக்கு முதல் உத்தரவு. இந்த வருடம், 1988-இல், அந்த வரிசையைப் போட ஆலைக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. புரோகிராம் எழுதியவள் எலிசா.

"முதல் உத்தரவு யாருக்கு வந்துச்சு தெரியுமா? எங்கப்பா இன்னாசிக்கு. இன்னும் பச்சையா நிக்குற கரும்பு! கரியமாணிக்கத்துக் கண்ணையன் கரும்புச் சாறு விரல்ல ஒட்டுது, அவருக்கு உத்தரவே வரல. மாட்டுவண்டி எல்லாம் நிக்குற ஆலை வாசல்ல நின்னு அவர் கத்தினாரு, 'இன்னாசி பொண்ணு மெஷினுக்கே திருட்டு சொல்லிக் குடுத்துட்டாடா'ன்னு."

"உங்கப்பா வெட்டிட்டாரா?"

"அரிவாளையே தொடல. இன்னும் ரெண்டு மாசம் நின்னாத்தானே எடை ஏறும்?"

ரஷீத் துள்ளினான். "யாரோ உள்ளே புகுந்து அளவை மாத்தியிருக்கான்! அவ்ளோதான் கேஸ்!"

"அளவு எல்லாம் சரியா இருக்கு. அளந்தவரையே பக்கத்துல வெச்சுப் பாத்தேன்."

"அப்போ புரோகிராமை எவனாவது..."

"வரிவரியாப் படிச்சேன். அதே புரோகிராமை, அதே அளவை, நான் படிச்ச காலேஜ் மெஷின்ல போட்டா வரிசை சரியா வருது. ஆலை மெஷின்ல போட்டாக் குளறுபடியாப் போவுது." எலிசா மேசையில் ஓங்கி அடித்தாள். "சுவத்துல முட்டிக்கலாம் போல இருக்கு."

ரஷீத் மூன்று வாரமாக மாலை வகுப்பில் சி மொழி கற்றுக்கொண்டிருந்தான். அதைக் காட்டிக்கொள்ள இதைவிட நல்ல நேரம் வராது. "சைஸ்ஆஃப் போட்டுக் கேட்டீங்களா?" என்றவன், மரியசுந்தரம் பக்கம் திரும்பினான். "சி மொழிக்குள்ளயே ஒரு வசதி இருக்குபா. நாம எண்ணைப் போட்டு வெக்குற பெட்டிங்கள்ல பல வகை உண்டு. எந்த வகை எவ்ளோ இடம் பிடிக்கும்னு மெஷினையே கேக்கலாம். மெஷினுக்கு மெஷின் அது மாறும்."

"கேட்டேன்" என்றாள் எலிசா எரிச்சலோடு. "நான் எடுத்தது கேரக்டர் வகை. ஒரு பைட். ரெண்டு மெஷினும் ஒண்ணுன்னுதான் சொல்லுது. இனிப்பு பதினெட்டு புள்ளி ஏழுன்னா புள்ளியை எடுத்துட்டு நூத்தெண்பத்தேழுன்னு போட்டேன். ஒரு பைட்ல இருநூத்தைம்பத்தஞ்சு வரைக்கும் கொள்ளும். எந்தக் கரும்பும் அத்தத் தாண்டாது."

ரஷீதின் முகம் தொங்கிவிட்டது. மரியசுந்தரம் வேறு எதையோ கேட்டார்.

"கடைசி இடம் யாருக்கு?"

"காசம்மாளுக்கு. எங்க பக்கத்து வயல், ஒரே வரப்பு. எங்களுது பன்னெண்டு புள்ளி ஏழு, அவங்களுது பன்னெண்டு புள்ளி எட்டு."

"பகையா?" ரஷீதுக்கு மறுபடி உயிர் வந்தது.

"ஞானஸ்நானத்துல என்னை ஏந்தின ஞானத்தாய் அவங்க. போன ஈஸ்டருக்குப் புடவை எடுத்துக் குடுத்தாங்க."

மெஷின் போட்ட வரிசையை மரியசுந்தரம் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார். பிறகு, "ரஷீத், உன் மொபெட்ல பெட்ரோல் இருக்கா?" என்றார்.

திங்கட்கிழமை காலை ஆலை அலுவலகத்தில் மேனேஜர், கண்ணையன், எலிசா மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் ஏழு கரும்புகள் வரிசையாகச் சாத்தியிருந்தன. மெஷின் எந்த வரிசையில் வயல்களைச் சொன்னதோ, அந்த வரிசையிலேயே ரஷீத் ஊர் ஊராகப் போய்க் கொண்டுவந்திருந்தான். நடுவில் உள்ள பல வயல்களை விட்டுவிட்டு அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்தவை.

"கடிச்சுப் பாருங்க பெரியவரே" என்றார் மரியசுந்தரம்.

"இன்னாய்யா இது, பொங்கலா?" என்று முனகிக்கொண்டே கண்ணையன் முதல் கரும்பைக் கடித்தார். "சப்புன்னு கிடக்குது." இரண்டாவது. "இது அதுக்கும் மோசம்." மூன்றாவதைத் துப்பினார். "மாட்டுக்குப் போடு." நான்காவதைக் கடித்தவர் அப்படியே நின்றார். "டேய்! இது என் கரும்பு!"

"மேல கடிங்க."

"இது என்னுதவிடக் கம்மி. இது இன்னும் கம்மி." ஏழாவதை மென்று முகம் சுளித்தார். "இது மறுபடியும் சப்பு. மொதல்ல குடுத்தியே, அதே ருசி."

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். எலிசாவுக்கும் பொறுமை போய்க்கொண்டிருந்தது. இது எல்லாம் அவளுக்குத் தெரிந்ததுதானே?

"திருடுறவன் என்ன பண்ணுவான்?" என்றார் மரியசுந்தரம். "தனக்கு வேண்டியவனை மட்டும் மேலே இழுப்பான். மத்தது கிடந்த இடத்துலயே கிடக்கும். இங்கே அப்படி இல்ல. மூணு கரும்பு வரைக்கும் இனிப்பு ஒழுங்கா இறங்குது. நடுவுல ஒரே தாவு. அப்புறம் மறுபடி ஒழுங்கா இறங்குது. சீட்டுக்கட்டை ஒரே ஒரு தடவை வெட்டி, கீழ்க்கட்டை எடுத்து மேலே வெச்ச மாதிரி. மனுஷக் கை இவ்வளவு சுத்தமா வெட்டாது. அதுமட்டுமில்ல, பிஞ்சுக் கரும்புக்காரனுக்கு முதல் உத்தரவு லாபமா? நஷ்டம். இந்தப் பொண்ணு தன் அப்பனுக்கே நஷ்டத்தை வாங்கிக் குடுப்பாளா?"

"அப்போ யாரு?" என்றார் மேனேஜர்.

"வெட்டு எங்கே விழுந்திருக்குன்னு பாருங்க. இன்னாசி முதல், பன்னெண்டு புள்ளி ஏழு. காசம்மாள் கடைசி, பன்னெண்டு புள்ளி எட்டு. அதாவது நூத்திருபத்தேழு உச்சி, நூத்திருபத்தெட்டு அடிமட்டம்."

"பைட்டோட பாதி!" என்று கத்தினான் ரஷீத்.

"ஒரு பைட் இருநூத்தைம்பத்தஞ்சு கொள்ளும்!" எலிசாவும் கத்திவிட்டாள். "எத்தனை தடவை சொல்றது? சைஸ்ஆஃப் போட்டு ரெண்டு மெஷினையும் கேட்டேனே!"

"எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாதும்மா. ஆனா எவ்ளோ பெருசுன்னு கேட்டா, எவ்ளோ பெருசுன்னு மட்டும்தான் பதில் வரும். ஏரியில தண்ணி அளக்க ஒரே நீளத்துல ரெண்டு கழி நடுறோம்னு வெச்சுக்குங்க. ஒண்ணு முழுசும் தரைக்கு மேல நிக்குது. இன்னொண்ணைப் பாதி புதைச்சாச்சு. நீளம் கேட்டா ரெண்டும் ஒண்ணுதான். ஆனா புதைச்ச கழியில பாதி எண்ணு தரைக்குக் கீழே போயிடும். இந்த மெஷின் பூஜ்யத்துக்குக் கீழேயும் இடம் ஒதுக்கியிருக்கான்னு நீங்க கேட்டீங்களா?"

எலிசா அதைக் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை.

அவள் விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள். அதைக் கேட்க சைஸ்ஆஃப் போலத் தனியாக ஒரு வசதி அவளுக்குத் தெரியாது. ஆனால் கேள்வியை நாலு வரியில் தானே எழுதிவிடலாம். கேரக்டர் பெட்டிக்குள் மைனஸ் ஒன்றைப் போடு. திரும்ப எடுத்து, இது பூஜ்யத்தைவிடக் குறைவா என்று கேள். பூஜ்யத்துக்குக் கீழே இடமே இல்லாத பெட்டியில் மைனஸ் ஒன்று நிற்காது. சுற்றிக்கொண்டு இருநூற்றைம்பத்தைந்தாக மாறிவிடும், 'இல்லை' என்று பதில் வரும். இடம் இருந்தால், 'ஆம்'.

திரையில் 'ஆம்' என்று வந்தது.

"காலேஜ் மெஷின் 'இல்லை'ன்னுதான் சொல்லும்" என்றாள் மெதுவாக. "இல்லன்னா அங்கே வரிசை சரியா வந்திருக்காது. இந்த வகைக்கு பூஜ்யத்துக்குக் கீழே இடம் வேணுமா வேணாமான்னு மொழி சொல்றதில்ல. மெஷினுக்கு ஏத்த மாதிரி விட்டுடுது. நூத்திருபத்தேழுக்கு மேல போட்டது எல்லாம் இங்கே மைனஸா மாறியிருக்கு. கண்ணையன் கரும்பும், ஞானத்தாய் கரும்பும், எல்லாம்."

பெட்டியை அறிவிக்கும் வரியில், பூஜ்யத்துக்குக் கீழே இடம் வேண்டாம் என்று சொல்லும் 'அன்சைன்டு' என்ற ஒரு சொல்லைச் சேர்த்தாள். ஓட்டினாள். முதல் பெயர் கண்ணையன். அவள் அப்பா காசம்மாளுக்கு அடுத்தபடி, வெகு கீழே.

"ஒரு வார்த்தை" என்றார் மேனேஜர். "ஒரே ஒரு வார்த்தைக்கா இத்தனை ரகளை! சரி, சரி, உன் சீட்டுக்குப் போம்மா."

கண்ணையன் துண்டை உதறித் தோளில் போட்டார். "வெட்டு ஆளுங்களைப் பாக்கணும், நான் வரேன்."

"நில்லுங்க" என்றாள் எலிசா. நாலு நாள் எரிச்சல் முழுவதும் அந்த ஒரு சொல்லில் இருந்தது. "எங்கே போறீங்க? திருட்டுன்னு இந்த ரூமுக்குள்ளயா சொன்னீங்க?"

கிழவர் தரையைப் பார்த்தார். "மேனேஜர்தான் சரின்னுட்டாரே, பாப்பா."

"அவர் சரின்னது இங்கே இருக்குறவங்களுக்குத்தான் தெரியும். வண்டிக்காரங்க அதை பாகூர் வரைக்கும் கொண்டுபோயிட்டாங்க. எங்கப்பா ஞாயித்துக்கிழமை கோயிலுக்கே வரல."

ரஷீத் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மரியசுந்தரம் அவன் முழங்கையைப் பிடித்து அடக்கினார்.

கண்ணையன் வெளியே நடந்தார். ஆலை வாசலில் வண்டிகள் சாலை வரை நின்றன. அவர் ஒரு வண்டியின் சக்கரத்தைப் பிடித்து மேலே ஏறி நின்றார்.

"டேய், கேளுங்கடா! இன்னாசி பொண்ணு திருடல! மெஷின்தான் தப்பாப் போட்டுது! அவ கண்டுபிடிச்சுட்டா!"

பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்: "இன்னா சொல்றாரு? காதுல வுழல!"

எலிசா அலுவலக வாசற்படியில் கைகட்டி நின்றாள். "அவருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க" என்றாள்.

கண்ணையன் இன்னொரு தடவை, இன்னும் உரக்கச் சொன்னார்.