சுயாக் வீட்டுக் கராஜ்

ஜனவரியில் கராஜ் கதவுக்குத் தான் புதிதாக மாட்டிய இரும்புக் கேபிள்கள் மார்ச்சிலேயே நைந்து கிடப்பதைக் கண்டதும் ஐயாசாமிக்கு முதலில் கோபம்தான் வந்தது. "பழசைப் புதுசுன்னு மாட்டிட்டான்" என்று வீட்டுக்காரர் ஜான்-க்ளோட், காத்ர் போர்ன் ஊர்ச் சந்தையில் நாலு பேர் நடுவே சொல்லியிருந்தார். கதவு பழுதுபார்க்கும் தொழிலில் இருபது வருடம் காத்த பெயர். அதனால்தான் ஞாயிறென்றும் பாராமல் பஸ் ஏறி, சுயாக் கடலோரத்தில் பூட்டிக் கிடந்த அந்த வீட்டுக்கு வந்திருந்தான்.

"இந்தக் கதவை யாரு அக்கா திறக்கிறது?" என்று கேட்டான்.

"யாருமே இல்ல தம்பி," என்றாள் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் கோவிந்தம்மா. வாசலைத் தாண்டி அவள் உள்ளே கால் வைக்கவில்லை. "காரே இல்லாத கராஜ். சாவி என் இடுப்புலதான் இருக்கு."

கேபிள் மாற்றக் கதவை இறக்கியாக வேண்டும். உள்ளே நின்று இறக்கினான். மேலே குறுக்குத் தண்டைப் பூட்டுக்குறடால் நெருக்கிப் பிடித்துவிட்டு, கதவின் பாரத்தைத் தாங்கும் ஸ்பிரிங்கின் முறுக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினான். முறுக்கு போனபின் கதவு வெறும் மரப்பாரம். நான்கு பேர் சேர்ந்தால்தான் அசையும். வேறு வாசல் கிடையாது. திரும்ப முறுக்கேற்றும்வரை அவன் உள்ளேதான். எத்தனையோ தடவை செய்த வேலை.

கூரையோரக் காற்றுத் துளைகள் வழியாக மதிய வெயில் காசு காசாகச் சுவரில் ஒட்டியிருந்தது. பழைய பெட்ரோல் வாசனையும் ஈரச் சாக்கு வாசனையும் கலந்து தொண்டையில் படிந்தன. பாறையில் அலை மோதும் ஓசை காதால் கேட்பதாக இல்லாமல் காலடித் தரை வழியே ஏறி வந்தது. கழற்றிய கேபிளை வெளிச்சத்தில் பிடித்தான்.

உருளையில் சுற்றும் இடம் தேயவே இல்லை. தேய்ந்தது நெஞ்சு உயரத்தில். அங்கே இழைகள் தட்டையாகி, பஸ் கைப்பிடிபோல மினுங்கின. பிசுக்காக இருந்தது. கை பட்டுப் பட்டு வந்த மினுக்கம்.

மற்ற கேபிளைப் பார்த்தான். அதே உயரம். அதே மினுக்கம்.

யாரோ கேபிளைப் பிடித்து இழுத்துக் கதவைத் தூக்கியிருக்கிறார்கள். ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் கதவு கோணலாகி, தண்டவாளத்தில் சிக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒன்பது அடி.

அதற்குமேல் அவன் யோசிக்கவில்லை. புதிய கேபிள்களை அவசரமாக மாட்டினான். முறுக்குக் கம்பியை எடுத்துக்கொண்டு கதவின் நடுவில் வந்து நின்றான்.

இடது கேபிள் விறைத்தது.

வலதும்.

ஸ்பிரிங்கில் ஒரு முறுக்குகூட இல்லை. ஆனாலும் இரண்டு கேபிள்களும் நெஞ்சு உயரத்தில் வளைந்து, அவனுக்கு இரு பக்கமும் உள்நோக்கி இழுபட்டன. கடிவாளத்தைப் பிடித்து இழுப்பதுபோல. இழுக்கும் கைகளுக்கு நடுவே அவன்.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

"அக்கா!"

"என்ன தம்பி?"

"ஆளைக் கூப்பிடுங்க! கதவைத் தூக்கணும்!"

"பா பெர், பா பெர். பயப்படாத. பக்கத்து வீட்டு ரோபெரையும் தெனியையும் கூட்டியாறேன்!"

அவள் செருப்பு ஓசை தேய்ந்தது. அலை. அலைக்கு நடுவே பின்னால் ஒரு மூச்சு. மிக நீளமான மூச்சு. சுவரில் ஒட்டியிருந்த வெயில் காசுகள் ஒவ்வொன்றாக மறைந்தன.

வெளியே காலடிகள் வந்தன. மரம் முனகியது. தரையோடு வெளிச்சம் கீறலாக விழுந்து அரைச் சாண் உயர்ந்தது. ஐயாசாமி குப்புற விழுந்து கையைத் தோள்வரை வெளியே நீட்டினான். தலை நுழையவில்லை.

"தூக்குங்க! இன்னும் தூக்குங்க!"

"நீங்கதானே உள்ளேருந்து தூக்குறீங்க?" ரோபெர் வெளியிலிருந்து கத்தினான். "நாங்க இன்னும் கையே வைக்கலையே!"

ஆண்களின் கால்கள் பின்வாங்கின. பிறகு ஓடின.

கோவிந்தம்மா மட்டும் நின்றாள். தரையில் படுத்து அவன் மணிக்கட்டை இரண்டு கையாலும் பற்றினாள்.

"அக்கா, விட்டுடாதீங்க."

"விடமாட்டேன் தம்பி."

இழுத்தாள். கன்னத்தை மண்ணில் பதித்து இடைவெளி வழியே உள்ளே பார்த்தாள். அவள் பார்வை அவன் முகத்தில் இல்லை. அவனுக்குப் பின்னால், கூரையோரத்தில் எதன்மீதோ நின்றது. அங்கிருந்து மெல்ல இறங்கியது. இன்னும் கீழே. அவன் முதுகுக்கு நேர் மேலே வந்து நின்றது.

அவள் விரல்கள் அவன் மணிக்கட்டை விட்டன.