அடக்கி வைத்த இருமல்

“அண்ணே, பியானோ அருமை. நடுவுல இருமுறது யாரு?”

பல் டாக்டர் அனுப்பிய செய்தியைக் கண்ணாடிக்கடைக்காரர் மறுபடியும் படித்தார். பிடித்த இசைத்தட்டுகளைப் பதிவு செய்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் சின்னக் குழு அவர்களுடையது. இசையைத் தவிர வேறென்ன காதில் விழுந்தது என்று கண்டுபிடிப்பதும் ஒரு விளையாட்டு. கிளப்பில் வாசித்த ஜாஸ் என்றால் பின்னால் டம்ளர்கள் உரசும்; பியானோ என்றால் வாசிப்பவரின் நாற்காலி முனகும். டாக்டருக்குப் பாம்புச் செவி. நோயாளிகளின் அலறல் மட்டும்தான் அதில் ஏறாது என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள்.

ஆனால் இந்தத் தட்டில் இருமல் கிடையாது. கடைக்காரருக்கு அது மனப்பாடம்.

குழுவில் இருந்த லிஃப்ட் மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கேட்டார்.

“எனக்கும் கேட்டுச்சுண்ணே. உங்க ரூம்ல யாரோன்னு நெனச்சேன்.”

“ரூம் சத்தம் எப்படிப்பா விழும்? இப்பல்லாம் நான் மைக்கே வைக்கிறதில்ல. ஒயர்லதான் நேரா பதிவாகுது.”

“வாயில துணிய வச்சு இருமுன மாதிரி இருந்துச்சுண்ணே.”

அவர் போனை வைத்துவிட்டார்.

மைக் வைத்துப் பதிந்த காலத்தில் அவர் மனைவி ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து கேட்பாள். நோய் முற்றிய பிறகும் வந்தாள். பதிவுப்பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்ததும் துண்டால் வாயைப் பொத்திக்கொள்வாள். முகம் சிவந்து கண்ணில் தண்ணீர் கொட்டும், சத்தம் வராது. “உங்க பாட்டுக்குள்ள என் இருமல் எதுக்குங்க” என்பாள். அவள் போன பிறகு அத்தனை பதிவுகளையும் துழாவிப் பார்த்தார். எதிலும் அவள் இல்லை, ஒரு ‘ம்’ கூட இல்லை. அவள் குரலுக்காக அவர் ஏங்கிப் போயிருந்தார்.

மழையில் மாலையே இருண்டிருந்தது. அதே தட்டைப் போட்டு, சிவப்பு விளக்கை எரியவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டார். பியானோ மெதுவாக, ஒவ்வொரு சுரமும் அணைந்த பிறகே அடுத்தது என்று நடந்தது. நடுவில் ஊசியின் லேசான பொரிப்பு, எங்கிருந்தோ இருமல் மருந்தின் இனிப்பு வாசனை, அதற்கும் அடியில், தொண்டைக்குள்ளேயே திருப்பி விழுங்கப்பட்ட ஒரு சத்தம்.

அவள்தான்.

தட்டு முடிந்தது. ஊசியைத் தூக்கினார். பியானோ இல்லை. பொரிப்பும் இல்லை.

மூச்சு மட்டும் இருந்தது. துணிக்குள் திணறும் மூச்சு.

திரும்பிப் பார்த்தார். நாற்காலி முதுகில் அவளுடைய துண்டு, அவள் போன அன்று கிடந்தபடியே. அதன் நடுவில் ஒரு குழி. வாயளவு குழி. துணி உள்ளே இழுபட்டு நின்றது. வெளியே வரவில்லை.

விளக்கு எரிகிறவரை அவள் மூச்சு விடமாட்டாள். அவருக்குப் புரிந்தது. விரல் நிறுத்தும் பொத்தானுக்குப் போனது.

நிறுத்தினால் அவள் குரல் எதில் பதியும்?

“ஒரே ஒரு வார்த்தைம்மா,” என்றார் அழுதுகொண்டே. “ஏதாவது பேசு.”

விரலை எடுத்துக்கொண்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. துண்டு இன்னும் உள்ளே போனது.